கம்பியில் தெரியாத புகை

இரும்பு மண்ணில் இரும்பாகக் கிடைப்பதில்லை. ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்து, செம்மண் நிறத் தாதுவாகக் கிடக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்க, இரும்பைவிட ஆக்சிஜனை அதிகம் நாடும் இன்னொரு பொருள் வேண்டும். பல நூற்றாண்டுகளாக மனிதர் அதற்குக் கரியையே நம்பி வந்திருக்கிறார்கள். முதலில் மரக்கரி, பிறகு நிலக்கரியைச் சுட்டு எடுத்த கோக். ஊது உலைக்குள் கோக் எரிந்து கார்பன் மோனாக்சைடு ஆகிறது. அது தாதுவின் ஆக்சிஜனைப் பறித்துக்கொண்டு கரியமில வாயுவாக வெளியேறுகிறது. இரும்பு உருகி அடியில் தங்குகிறது. ஆகவே ஊது உலையின் கரியமில வாயு வெறும் அடுப்புப் புகை அல்ல, அந்த வேதிவினையின் மறுபாதி. இந்த வழியில் ஒரு டன் உருக்கு செய்தால் ஏறத்தாழ 2 டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும்போது ஆக்சிஜனைப் பிரிக்கும் வேலை முன்பே முடிந்திருக்கிறது. உமிழ்வு மிகக் குறைவு. அதுவும் பெரும்பாலும் மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது.

இரண்டு வழியிலும் செய்த, ஒரே தரமும் ஒரே தடிமனும் கொண்ட கம்பிகளை ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் அருகருகே இறக்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். வளைத்தாலும் இழுத்தாலும் ஒன்றுபோலவே இருக்கும். சுங்க அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே எண். எது எவ்வளவு புகையை விட்டுப் பிறந்தது என்பதற்குக் கம்பியில் தடயம் இல்லை. உலக வணிக விதிகள் பொருளைப் பார்க்கின்றன. கார்பன் சந்தையோ பொருள் பிறந்த விதத்தைப் பார்க்கிறது. இந்த அத்தியாயத்தில் வரும் வழக்குகளும் மிரட்டல்களும் சமரசங்களும் பெரும்பாலும் இந்த ஒரு முரணிலிருந்து கிளைத்தவை.

புகைக்கு ஒரு சந்தை

கழிவுக்கு விலை போட்டு விற்கலாம் என்ற எண்ணம் 1960-களில் பொருளாதார அறிஞர்களிடம் பிறந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஜான் டேல்ஸ் 1968-இல் வெளியிட்ட சிறு நூலில் அதன் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுதாகவே இருக்கிறது. மொத்தம் எவ்வளவு கழிவை நீரில் விடலாம் என்று அரசு வரம்பு கட்டுகிறது. அந்த அளவுக்கு மட்டும் அனுமதிச் சீட்டுகளை வெளியிடுகிறது. சீட்டை வாங்கலாம், விற்கலாம். கழிவைக் குறைப்பது எந்த ஆலைக்கு மலிவோ அது குறைத்துவிட்டு மிச்சச் சீட்டை விற்கும், செலவு அதிகமாகும் ஆலை வாங்கிக்கொள்ளும். யார் குறைக்க வேண்டும் என்று அதிகாரி சொல்ல வேண்டியதில்லை, விலை சொல்லிவிடும்.

அமெரிக்கா 1990-இல் சட்டம் இயற்றி, 1995 முதல் மின்நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு இதைச் செயல்படுத்தியது. அமில மழை குறைந்தது, செலவும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அந்த வெற்றியைக் கண்டவர்கள் ஒன்றை எளிதாக மறந்தார்கள். மின்சாரத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. சீனத்து மின்சாரம் ஒஹாயோவின் மின்சாரத்தோடு போட்டியிடப் போவதில்லை. அதனால் அந்தச் சந்தை உலக வணிக விதிகளோடு மோத வேண்டிய தேவையே வரவில்லை.

உருக்கு, சிமென்ட், உரம், அலுமினியம் அப்படியல்ல. 2005 ஜனவரி 1 அன்று ஐரோப்பிய ஒன்றியம் தன் உமிழ்வு வணிக முறையைத் தொடங்கியபோது, மின்நிலையங்களோடு இந்த ஆலைகள் பலவற்றையும் உள்ளே இழுத்தது. ஒரு டன் கரியமில வாயுவுக்கு ஒரு சீட்டு. தொடக்கம் படுமோசம். எவ்வளவு உமிழ்கிறோம் என்ற சரியான கணக்கு கையில் இல்லாமலே சீட்டுகளை அள்ளி விட்டிருந்தார்கள். 2006-இல் உண்மைக் கணக்கு வெளியானதும் விலை சரிந்து, 2007-இல் சுழியத்தைத் தொட்டது. பின்னர் வந்த பொருளாதார மந்தத்தால் மீண்டும் சீட்டுகள் தேங்கின, பல ஆண்டுகள் விலை 10 யூரோவுக்குக் கீழேயே கிடந்தது. உபரியை உறிஞ்சும் ஏற்பாடு 2019-இல் வந்தபிறகுதான் சந்தைக்குப் பல் முளைத்தது. 2023 பிப்ரவரியில் ஒரு சீட்டு 100 யூரோவைத் தாண்டியது.

10 யூரோவில் தூங்கிய கேள்வி 100 யூரோவில் விழித்துக்கொள்ளும். ஐரோப்பாவின் உருக்காலை டன்னுக்கு இவ்வளவு கட்ட, துருக்கியிலோ உக்ரைனிலோ இந்தியாவிலோ உள்ள ஆலை எதுவும் கட்டாவிட்டால், உற்பத்தி அங்கே நகரும், புகையும் கூடவே நகரும். உலகத்தின் மொத்தக் கணக்கில் ஒரு கிராம்கூடக் குறையாது. இதற்குக் கார்பன் கசிவு என்று பெயர். ஐரோப்பா இதற்கு முதலில் கண்ட மருந்து, கசிவு அபாயம் உள்ள தொழில்களுக்குச் சீட்டுகளை இலவசமாகத் தருவது. ஒவ்வொரு பொருளுக்கும் திறன்மிக்க ஆலைகளின் அளவைக் கொண்டு ஓர் அளவுகோல் வைத்து, அந்த அளவுக்கு இலவசம், அதற்கு மேல் காசு.

இந்த இலவசச் சீட்டுதான் முழுக் கட்டமைப்பிலும் பலவீனமான செங்கல் என்பது என் கணிப்பு. ஏன் என்பதைப் பார்ப்பதற்கு முன் ஜெனீவாவுக்குப் போய்வர வேண்டும்.

பொருளைப் பார்க்கும் விதி

1947-இல் 23 நாடுகள் ஜெனீவாவில் கையெழுத்திட்ட காட் ஒப்பந்தமும், 1995 முதல் அதைச் சுமக்கும் உலக வர்த்தக அமைப்பும் இரண்டு தூண்களில் நிற்கின்றன. ஒன்று, ஒரு நாட்டின் சரக்குக்குக் கொடுத்த சலுகையை எல்லா உறுப்பு நாடுகளின் ஒத்த சரக்குக்கும் கொடுக்க வேண்டும். மற்றொன்று, உள்ளே வந்துவிட்ட அயல்நாட்டுச் சரக்கை உள்நாட்டுச் சரக்கைவிடத் தாழ்வாக நடத்தக் கூடாது. இரண்டிலும் ‘ஒத்த சரக்கு’ என்ற சொல்தான் அச்சாணி. நம் ஆன்ட்வெர்ப் கம்பிகள் இரண்டும் ஒத்த சரக்குகளா? பயன், தோற்றம், சுங்க எண், வாங்குவோரின் எண்ணம் என்ற வழக்கமான உரைகற்களில் உரசினால், ஆம் என்றே பதில் வரும்.

உள்நாட்டில் ஒரு பொருளுக்கு வரி போட்டால், அதே அளவு வரியை இறக்குமதிக்கும் எல்லையில் வசூலிக்கலாம். இது காட் காலத்திலேயே ஏற்றுக்கொண்டதுதான். 1987-இல் அமெரிக்காவின் ரசாயன வரி பற்றிய வழக்கில், வரிக்குட்பட்ட ரசாயனங்களைக் கொண்டு செய்த இறக்குமதிப் பொருள்களுக்கும் சமமான வரி செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ஆனால் அங்கே பேசப்பட்டது, பொருள் செய்யப் பயன்பட்ட மூலப்பொருள். எரிந்து காற்றில் போய்விட்ட கோக்குக்கும் இது பொருந்துமா என்பது இன்றுவரை தீராத வாதம்.

வரி என்று சொல்வதிலும் ஐரோப்பாவுக்குச் சங்கடம் இருக்கிறது. விமான வழக்கு ஒன்றில், எங்கள் உமிழ்வு வணிகம் வரியே அல்ல, விலையைச் சந்தை தீர்மானிக்கிறது, எரிபொருள் அளவுக்கும் சுமைக்கும் நேரடித் தொடர்பில்லை என்ற தர்க்கத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. உள்நாட்டில் வரி அல்லாத ஒன்றுக்கு எல்லையில் ஈடாக வசூலிப்பதை வரிச் சரிக்கட்டு என்று எப்படிச் சொல்வது? வழக்குரைஞர்களுக்கு நல்ல தீனி.

விதியை மீறியது என்றே முடிவானாலும் கதை முடிவதில்லை. காட் ஒப்பந்தத்தின் 20-ஆம் பிரிவு விலக்குகளைப் பட்டியலிடுகிறது. மனிதர், விலங்கு, தாவரங்களின் உயிரைக் காக்கவும், தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களைப் பேணவும் எடுக்கும் நடவடிக்கைகள் அதில் அடங்கும். ஆனால் பிரிவின் தொடக்க வாக்கியம் ஒரு நிபந்தனை போடுகிறது: ஒரே நிலைமையில் உள்ள நாடுகளிடையே தன்னிச்சையான, நியாயமற்ற பாகுபாடாகவோ, வணிகத் தடையின் மாறுவேடமாகவோ அது இருக்கக் கூடாது. 1992-இல் கையெழுத்தான ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவிலும் கிட்டத்தட்ட இதே வாசகம் இருக்கிறது.

அந்த வாக்கியத்துக்கு உயிர் கொடுத்தது ஓர் இறால் வழக்கு, அதில் இந்தியாவும் ஒரு கட்சிக்காரர். இறால் வலைகளில் கடலாமைகள் சிக்கி மூச்சுத் திணறிச் சாகின்றன. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் சென்னைக் கடற்கரையிலும் ஒடிசாவிலும் உடல்கள் ஒதுங்குவது நமக்குப் பழகிய காட்சி. வலையின் நடுவே ஒரு கம்பிச் சட்டமும் தப்பிக்க ஒரு வாயிலும் வைத்தால், இறால் உள்ளே போகும், ஆமை வெளியேறும். அமெரிக்கா இதைத் தன் மீனவர்களுக்குக் கட்டாயமாக்கி, அத்தகைய விதி இல்லாத நாடுகளின் இறாலைத் தடை செய்தது. இந்தியா, பாகிஸ்தான், மலேசியா, தாய்லாந்து வழக்குப் போட்டன. தட்டில் வைத்தால் எந்த இறாலும் ஒத்த இறால்தான். பிடித்த விதத்துக்காகத் தடுக்கலாமா?

1998 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு சொன்ன தீர்ப்பில் அமெரிக்கா தோற்றது. தோற்ற விதம்தான் முக்கியம். ஆமை, தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளமே, பிடிக்கும் முறையைக் காரணம் காட்டி இறக்குமதியைக் கட்டுப்படுத்துவது தன்னளவில் தவறில்லை என்று அமர்வு ஏற்றுக்கொண்டது. குறை கண்டது நடத்தையில். கரீபியப் பகுதி நாடுகளோடு பேச்சு நடத்தி உடன்படிக்கை செய்த அமெரிக்கா, ஆசிய நாடுகளோடு அப்படிப் பேசவில்லை. அவர்களுக்கு மாற மூன்றாண்டு அவகாசம், ஆசியாவுக்கு நான்கு மாதம். தன் விதியையே அச்சு அசலாக எல்லோரும் பின்பற்ற வேண்டும் என்றது, அதே பலனைத் தரும் வேறு வழிகளை ஏற்கவில்லை. அமெரிக்கா விதிகளைத் திருத்தியது. மலேசியா மீண்டும் வழக்குப் போட்டது. 2001-இல் அமெரிக்கா வென்றது.

நோக்கத்துக்காக அல்ல, நடந்துகொண்ட முறைக்காகத்தான் தோற்பாய் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பிரஸ்ஸல்ஸ் சட்ட வல்லுநர்கள் அதை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள் என்பது பின்னால் அவர்கள் எழுதிய சட்டத்தில் தெரிகிறது. இடையில் ஒருமுறை மறந்துபோனார்கள்.

வானத்தில் ஒரு தோல்வி

2012 ஜனவரி 1 முதல், ஐரோப்பிய விமான நிலையத்தில் ஏறும் அல்லது இறங்கும் எல்லா விமானங்களும் உமிழ்வுச் சீட்டு ஒப்படைக்க வேண்டும் என்று ஐரோப்பா அறிவித்தது. பயணத்தின் முழுத் தொலைவுக்கும் கணக்கு. சென்னையிலிருந்து பிராங்க்பர்ட்டுக்குப் பறக்கும் விமானம் அரபிக் கடலுக்கு மேலே விடும் புகைக்கும் ஐரோப்பியச் சீட்டு. பெரும்பகுதிச் சீட்டுகள் இலவசம்தான், ஒரு பயணிக்குக் கூடும் செலவு சொற்பம். ஆனால் சண்டை காசுக்காக நடக்கவில்லை.

அமெரிக்க விமான நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2011 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், எங்கள் விமான நிலையத்தைப் பயன்படுத்துவதால்தான் கணக்குக் கேட்கிறோம், பிற நாட்டு வான்வெளியை ஆளவில்லை என்று ஒன்றியத்தின் பக்கம் நின்றது. சட்டத்தில் வென்றாயிற்று. ஆனால் 2012 பிப்ரவரியில் இந்தியா, சீனா, ரஷ்யா, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகள் மாஸ்கோவில் கூடி எதிர்ப்பு நடவடிக்கைகளைப் பட்டியலிட்டன. இந்தியாவும் சீனாவும் தம் விமான நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு உமிழ்வுத் தரவைத் தரக் கூடாது என்றன. ஏர்பஸ் விமானங்களுக்கான சீனாவின் ஆணைகள் தேங்கின. அமெரிக்க நாடாளுமன்றம், தன் விமானங்கள் அந்தத் திட்டத்தில் சேர்வதைத் தடுக்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் சட்டத்தையே இயற்றியது. நவம்பர் 2012-இல் ஐரோப்பா பின்வாங்கி, திட்டத்தைத் தன் எல்லைக்குள் பறக்கும் விமானங்களோடு நிறுத்திக்கொண்டது. நான்கு ஆண்டு கழித்து பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு, கார்பன் ஈட்டுத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் அளித்தது. ஐரோப்பாவின் திட்டத்தோடு ஒப்பிட்டால் அது பல்லில்லாத கிழம்.

இந்தச் சண்டை உலக வர்த்தக அமைப்புக்குப் போகவே இல்லை. விமானப் போக்குவரத்து உரிமைகள் அதன் சேவை ஒப்பந்தத்தின் வரம்புக்கு வெளியே உள்ளன. மாஸ்கோவில் பேசியது சட்டம் அல்ல, பேரம்.

எல்லையில் ஒரு தராசு

பத்தாண்டு கழித்து ஐரோப்பா மீண்டும் வந்தது, இம்முறை தரைவழியாக. எல்லைக் கார்பன் சரிக்கட்டு முறை, ஏற்றுமதியாளர்கள் வாயில் சிபேம், 2023 மே மாதம் சட்டமானது. 2023 அக்டோபர் முதல் 2025 முடிய வெறும் கணக்குக் காட்டும் காலம். 2026 ஜனவரி 1 முதல் காசுக் கணக்கு ஓடத் தொடங்கியது. சிமென்ட், இரும்பு-உருக்கு, அலுமினியம், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகிய ஆறும் இதில் வரும். இறக்குமதி செய்பவர், சரக்கு செய்யப்பட்டபோது வெளியான கரியமில வாயுவின் அளவுக்குச் சான்றிதழ் வாங்கி ஒப்படைக்க வேண்டும். விலை, ஐரோப்பியச் சந்தையின் ஏல விலையைப் பின்தொடரும்.

அதே காலத்தில் உள்நாட்டு ஆலைகளின் இலவசச் சீட்டுகளும் கரைய வேண்டும். 2026-இல் இலவசம் 97.5 விழுக்காடு, 2030-இல் 51.5, 2034-இல் எதுவுமில்லை. இரண்டும் ஒன்றோடொன்று பூட்டப்பட்டவை. இலவசத்தைத் தொடர்ந்துகொண்டே எல்லையில் முழு விலையும் கேட்டால், உள்நாட்டுச் சரக்கைவிட அயல்நாட்டுச் சரக்கைத் தாழ்வாக நடத்துவதாகிவிடும்.

கற்பனை எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். சீட்டு 80 யூரோ. அளவுகோல், டன் உருக்குக்கு 1.4 டன் கரியமில வாயு. ஐரோப்பிய ஆலை 1.9 டன் உமிழ்கிறது, இந்திய ஆலை 2.4. 2026-இல் இருவருக்கும் 1.4-இல் 97.5 விழுக்காடு, அதாவது 1.365 டன் கழியும். ஐரோப்பிய ஆலை டன் உருக்குக்கு ஏறத்தாழ 43 யூரோ கட்டும், இந்தியச் சரக்கு 83 யூரோ. 2034-இல் இலவசம் இல்லாதபோது முறையே 152, 192. எல்லா ஆண்டும் வித்தியாசம் அதே 40 யூரோ, அரை டன் கூடுதல் புகையின் விலை. சூத்திரத்தில் பாகுபாடு இல்லை. அதனாலேயே இதை முழுக்க மாறுவேடப் பாதுகாப்பு வரி என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஊது உலையையும், நிலக்கரி கொண்டு செய்யும் ஸ்பாஞ்சு இரும்பையும் பெரிதும் நம்பியிருக்கும் இந்திய உருக்குத் தொழிலுக்குச் சூத்திரத்தின் நேர்மை பெரிய ஆறுதல் இல்லை என்பதும் உண்மை.

அலுமினியத்தில் நடந்ததைப் பார்த்தால் வணிக விதிகளின் நிழல் இன்னும் தெளிவாகத் தெரியும். அலுமினியத்தின் புகை பெரும்பாலும் உலையில் இல்லை, மின்நிலையத்தில் இருக்கிறது. நிலக்கரி மின்சாரத்தில் உருக்கிய ஒரு டன் அலுமினியத்தின் உமிழ்வு பத்து டன்னைத் தாண்டும். ஆனால் சிபேம் அலுமினியத்துக்கு உலையின் நேரடி உமிழ்வை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. கருணை அல்ல. கார்பன் விலையால் ஏறிய மின்கட்டணத்துக்கு ஐரோப்பிய நாடுகள் தம் ஆலைகளுக்கு ஈட்டுத்தொகை தருகின்றன. தன் ஆலைக்கு மின்புகைக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அயலானிடம் அதே காசைக் கேட்க முடியாது. பெரும்புகை விதிவிலக்காகி, சிறுபுகைக்கு வரி. காலநிலைக்கு இது தலைகீழ், வணிகச் சட்டத்துக்கு இதுவே நேர்.

இன்னொரு விநோதம் நம் பக்கத்திலேயே உண்டு. சென்னைப் புறநகரில் செய்து ஏற்றுமதியாகும் போல்ட்டும் நட்டும் சிபேம் பட்டியலில் உள்ளன. அவற்றைப் பூட்டிய கார் முழுதாக ஐரோப்பாவுக்குப் போனால் பட்டியலில் இல்லை.

ஏற்றுமதியில்தான் ஐரோப்பாவின் கையே கட்டுண்டுபோகிறது. இலவசச் சீட்டு கரையும்போது, அயல்சந்தையில் விற்கும் ஐரோப்பிய உருக்காலை முழுக் கார்பன் செலவையும் சுமந்துகொண்டு, சுமக்காதவர்களோடு போட்டியிட வேண்டும். ஏற்றுமதிக்கு அந்தச் செலவைத் திருப்பித் தரலாமே என்று ஆலைகள் கேட்டன. ஏற்றுமதியோடு பிணைந்த மானியம் உலக வர்த்தக அமைப்பில் அடியோடு தடை செய்யப்பட்டது. அதனால் சட்டத்தில் அதற்கு இடம் வைக்கவில்லை.

இலவசச் சீட்டைப் பற்றி முன்பு சொன்னேன். அரசு ஏலம் விட்டுப் பெறக்கூடிய காசை விட்டுக்கொடுத்தால், அது வரவேண்டிய வருவாயைக் கைவிட்ட மானியம் என்று வாதிடலாம். வாதத்தோடு நிற்கவில்லை. ஜெர்மனியிலிருந்து வந்த, அடித்து உருவாக்கிய ஒரு வகை உருக்குப் பாகங்களையும், தென்கொரிய உருக்குத் தகடுகளையும் விசாரித்த அமெரிக்க வணிகத் துறை, கசிவு அபாயத் தொழில்களுக்கு மட்டும் கூடுதலாகத் தந்த இலவசச் சீட்டுகளை மானியமாக எண்ணி எதிர்மானிய வரிக் கணக்கில் சேர்த்தது. நாடளாவிய கார்பன் சந்தையே இல்லாத நாடு, கார்பன் சந்தை நடத்தும் நாடுகளை அது போதிய கடுமையாக இல்லை என்று தண்டித்தது. சிரிக்கலாம், ஆனால் தர்க்கத்தில் ஓட்டை இல்லை.

ஒரே பந்தி, வேறு பசி

வணிக விதி பந்தியில் உட்கார்ந்த எல்லோருக்கும் ஒரே மாதிரி பரிமாறச் சொல்கிறது. காலநிலை ஒப்பந்தமோ, யார் எவ்வளவு சாப்பிட்டு முடித்தவர், யார் இப்போதுதான் உட்கார்ந்தவர் என்று பார்த்துப் பரிமாறச் சொல்கிறது. பொதுவான ஆனால் வேறுபட்ட பொறுப்பு என்று அதற்குப் பெயர். சிபேமில் ஏழை நாடுகளுக்கு விலக்கு இல்லை. விலக்குக் கொடுத்தால் வணிக விதியை மீறும், கொடுக்காவிட்டால் காலநிலை ஒப்பந்தத்தின் உணர்வை மீறும். இந்தியா, சீனா, பிரேசில், தென்னாப்பிரிக்கா நான்கும் இந்த ஒருதலை வணிக நடவடிக்கைகளைக் காலநிலை மாநாடுகளின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வற்புறுத்தி வருவது இதனால்தான்.

ஐரோப்பா விட்டுவைத்த ஒரு வாசல் உண்டு. பிறந்த நாட்டிலேயே கார்பன் விலை கட்டியிருந்தால், அது கழிக்கப்படும். பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் காசை நம் கருவூலமே வாங்கிக்கொள்ளலாமே என்ற எண்ணம் எவருக்கும் எழும். இந்தியா 2010 முதல் நிலக்கரிக்குத் தனித் தீர்வை விதித்து வந்தது, 2016-இல் அது டன்னுக்கு 400 ரூபாய் ஆனது. ஒரு டன் நிலக்கரி ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயு தரும் என்று கொண்டால், கார்பன் விலையாக அது 3 யூரோ அளவுக்கே வரும். அதையும் 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாற்றத்தில் நீக்கி, பொது வரி விகிதத்தை உயர்த்தினார்கள். இனி அதைக் கார்பன் விலை என்று காட்டுவது கடினம்.

2023 ஜூனில் அறிவித்த இந்தியக் கார்பன் வணிகத் திட்டம் வேறு வகை. ஐரோப்பாவைப்போல மொத்த உமிழ்வுக்கு வரம்பு கிடையாது. ஒரு டன் பொருளுக்கு இவ்வளவு உமிழ்வு என்று ஆலைக்கு ஆலை இலக்கு. இலக்கைத் தாண்டிய மிச்சத்துக்கு மட்டும் சான்று வாங்க வேண்டும். வளரும் பொருளாதாரத்துக்கு ஏற்ற வடிவம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நம் கற்பனை ஆலை 2.3 டன் இலக்கு வைத்து 2.4 உமிழ்ந்தால், வாங்க வேண்டியது 0.1 டன்னுக்கு. இந்தியச் சான்று 10 யூரோ விற்றாலும் டன் உருக்குக்கு அது கட்டியது 1 யூரோ. எல்லையில் கழிவதும் அதே 1 யூரோ. இங்கே ஒரு சந்தை இருக்கிறது என்பதாலேயே அங்கே கட்டணம் குறையாது.

தீர்ப்புச் சொல்ல ஆளில்லை

ரஷ்யா 2025 மே மாதம் சிபேமுக்கு எதிராக உலக வர்த்தக அமைப்பில் முறையீடு செய்தது. எல்லைக் கட்டணத்தோடு இலவசச் சீட்டுகளையும் சேர்த்தே தாக்கியது. கீழமர்வு எப்படித் தீர்த்தாலும் தோற்றவர் மேல்முறையீடு செய்யலாம். அந்த மேல்முறையீட்டு அமர்வோ, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் 2019 டிசம்பர் முதல் இயங்கவில்லை. ஐரோப்பாவும் சில நாடுகளும் சேர்ந்து அமைத்த மாற்று ஏற்பாட்டில் ரஷ்யாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. மேல்முறையீடு வெற்றிடத்துக்குப் போய்த் தொங்கும்.

இறால் வழக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த அமர்வு எழுதிய முதல் தீர்ப்பே இங்கு அதிகம் பொருந்தும் என்று நினைக்கிறேன். 1990-களில் அமெரிக்கா பெட்ரோலின் தூய்மைக்கு விதி வகுத்தது. உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைகள் தத்தம் பழைய அளவிலிருந்து எவ்வளவு முன்னேறின என்று பார்த்தது. அயல்நாட்டு ஆலைகளின் தரவைச் சரிபார்ப்பது கடினம் என்று சொல்லி, அவற்றுக்குப் பொதுவான ஓர் எண்ணைத் திணித்தது. வெனிசுலாவும் பிரேசிலும் வழக்குப் போட்டன. 1996-இல், தூய காற்றும் தீர்ந்துபோகக்கூடிய வளம்தான் என்று ஏற்கப்பட்டது, அமெரிக்காவின் இரட்டை அளவு செல்லாது என்றும் முடிவானது.

சிபேம் இந்தக் குழியைத் தாண்டவே, அயல்நாட்டு ஆலை தன் உண்மையான உமிழ்வைக் காட்டலாம் என்று எழுதிவைத்திருக்கிறது. காட்ட முடியாதவர்களுக்கு நாட்டின் சராசரி உமிழ்வு, அதன்மேல் ஒரு கூடுதல் விழுக்காடு. உண்மையான எண்ணுக்கு, அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் வந்து ஆலையைப் பார்க்க வேண்டும். போல்ட் செய்பவர் தன் பட்டறையின் மின்கட்டண ரசீதை மட்டும் காட்டினால் போதாது. கம்பி வாங்கிய உருக்காலையிடமிருந்தும் எண் வர வேண்டும், புகை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பெரிய உருக்காலை தன் நேரடி ஏற்றுமதிக்காக அந்தக் கணக்கை வைத்திருக்கும். பட்டறைக்காரர் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்று அதைக் கட்டாயப்படுத்த சிபேம் சட்டத்தில் வழியில்லை. ஆண்டுக்கு 50 டன்னுக்குக் கீழே என்றால் விலக்கு உண்டு, ஆனால் அந்த வரம்பு வாங்கும் ஐரோப்பிய இறக்குமதியாளருக்கு, விற்கும் பட்டறைக்கு அல்ல. மாதம் இரண்டு டன் போல்ட் அனுப்புபவரும் பெரிய இறக்குமதியாளருக்கு விற்றால் முழுக் கணக்குக்குள் வருவார். எண் கிடைக்காத சரக்கு சராசரிப் புகையையும் அதன் மேல்விழுக்காட்டையும் சுமந்துகொண்டு ஆன்ட்வெர்ப்பில் இறங்கும், அது மின்வில் உலையில் பிறந்த கம்பியாகவே இருந்தாலும்.